காணாத நோயாளிக்கும் கடமை உண்டா?

1945 டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்திய அலெக்சாண்டர் ஃபிளெமிங், முடிக்கும் தறுவாயில் ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையைச் சொன்னார். கணவனுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். கிருமியைக் கொல்ல அந்த அளவு போதவில்லை. மருந்தைத் தாங்க அதைப் பழக்கிவிடப் போதுமானதாக இருந்தது. பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. பென்சிலினுக்கு நோய் கேட்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்ட ஃபிளெமிங், கணவன்தான் என்று தாமே பதிலும் சொன்னார்.

அந்தக் கதையில் பொறுப்பாளியைக் கைகாட்ட முடிந்தது. இன்று முடியாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஒருவரைக் கொன்ற கிருமி யாருடைய உடம்பில், எந்த மாத்திரையால் பழகியது, எத்தனை கை மாறி வந்தது என்று பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது. கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு கொடுத்திருப்பார். வாங்கியவர் நம்பி விழுங்கியிருப்பார். அப்படியானால், முகம் தெரியாத ஒருவருக்கு நாளை நேரக்கூடிய கேட்டுக்காக, கண்ணெதிரே படுத்திருப்பவருக்கு இன்று ஒரு மருந்தை மறுக்கலாமா?

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இந்தக் கேள்வி அன்றாடம் எழுகிறது. அமெரிக்காவில் அத்தகைய இல்லம் ஒன்றின் இரவுப் பணியை எண்ணிப் பார்க்கலாம். டிமென்ஷியா உள்ள மூதாட்டி ஒருவர் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. வழக்கத்தைவிடக் குழம்பிப் பேசுகிறார். சிறுநீரில் வாடை. டிப்ஸ்டிக் என்ற சோதனைப் பட்டையை அதில் நனைத்தால் நிறம் மாறுகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுங்கள் என்று மகள் போனில் கெஞ்சுகிறார். மருத்துவரும் போனில்தான் இருக்கிறார். நோயாளியை நேரில் பார்ப்பவர் நர்ஸ் ஒருவரே. முடிவின் பெரும்பகுதி அவர் சொல்லப்போகும் நாலு வார்த்தையில் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கோர்ஸ் தொடங்கிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

மூதாட்டியைத் தவிர.

இத்தகைய இல்லங்களில் வாழும் பெண்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரைக்குச் சிறுநீரில் பாக்டீரியா இருக்கும், நோய் இருக்காது. காய்ச்சல், எரிச்சல், அடிவயிற்று வலி எதுவும் இல்லாதபோது ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. ஆனாலும் இங்கே இருப்பவர்களில் 70 சதவீதம் பேர் வரை ஓராண்டில் ஒரு கோர்ஸாவது பெறுகிறார்கள் என்றும், அப்படித் தரப்படுவதில் 40 முதல் 75 சதவீதம் தேவையற்றதாகவோ பொருத்தமற்றதாகவோ இருக்கலாம் என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது. இதற்கான விலையை முதலில் கொடுப்பவர் நோயாளிதான். குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் சி.டிஃபிசில் என்ற கிருமி பெருகி வயிற்றுப்போக்கு ஆளையே உலுக்கிவிடும். அதன் ஸ்போர்கள் சானிடைசருக்குச் சாவதில்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையைவிட்டுப் போகும். கழுவாத கையோடு அவை அடுத்த கட்டிலுக்குப் போகின்றன.

லித்துவேனியாவில் பிறந்து பிரான்சில் எழுதிய தத்துவவாதி இம்மானுவேல் லெவினாஸ், 1961இல் வெளியான ‘முழுமையும் முடிவின்மையும்’ நூலில், எதிரே நிற்பவரின் முகத்திலிருந்தே அறம் தொடங்குவதாகச் சொன்னார். அந்த முகம் நம்மைக் கேட்கிறது. பதில் சொல்லாமல் நகர முடியாது. ஆனால் உலகில் இருவர் மட்டும் இல்லையே. மூன்றாமவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். அவரால்தான் நீதி பற்றிய கேள்வி எழுகிறது என்பதையும் லெவினாஸ் விட்டுவிடவில்லை. நர்ஸுக்கு அந்த மூன்றாமவர் பக்கத்து அறையில் இருக்கலாம். அடுத்த மாதம் வந்து சேரப்போகிறவராகவும் இருக்கலாம்.

மூதாட்டியின் விஷயத்தில் அவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே மோதலே இல்லை. தேவையில்லாத மருந்து அவருக்கும் கேடு, மூன்றாமவருக்கும் கேடு. அதனால் தணிவது சுற்றியிருப்பவர்களின் பதற்றம் மட்டுமே. கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் ஐடஹோவிலும் 24 இல்லங்களில் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. அறிகுறிகளைச் சரிபார்த்த பிறகே சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்புவது, ஆன்டிபயாடிக் தொடங்குவது என்று சில இல்லங்களில் முறை வகுத்தார்கள். அங்கே சிறுநீர்த் தொற்று என்ற சந்தேகத்துக்குத் தரப்பட்ட ஆன்டிபயாடிக் குறைந்தது. மருத்துவமனைச் சேர்க்கையிலோ சாவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மருந்து கொடுக்காமல் இருப்பது கைவிடுவதாகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தண்ணீர் குடிக்க வைப்பது, மலச்சிக்கலா என்று பார்ப்பது, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை குழப்புகிறதா என்று யோசிப்பது, சில மணிக்கு ஒருமுறை காய்ச்சல் பார்ப்பது, விடிந்ததும் மகளைக் கூப்பிட்டு நிலவரம் சொல்வது. ஒரு மாத்திரையைவிட இது எவ்வளவோ உழைப்பு.

மோதல் நிஜமாகவே தோன்றும் இடம் வேறு. பாஸ்டன் பகுதியில் டிமென்ஷியா முற்றிய 214 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வந்தது. இறந்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கடைசி இரண்டு வாரங்களில் ஆன்டிபயாடிக் தரப்பட்டிருந்தது. இத்தகையவர்களுக்கு வரும் நிமோனியாவைப் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து ஆயுளை நீட்டியது தெரிந்தது. உடல் அவஸ்தையைக் குறைக்கவில்லை. அப்படியானால் சமூக நலனுக்காக நிறுத்திவிடலாமே என்று ஒருவர் கணக்குப் போடலாம். அந்தக் கணக்கைக் கட்டிலருகே அனுமதிக்கக் கூடாது. சாகப்போகிறவரின் உடம்பு சமூகம் தன் கடனை வசூலிக்கும் இடம் ஆகாது. அவர் முன்பு என்ன விரும்பினார், இந்த மருந்து அவருக்கு எதைத் தரும் என்பதே கேள்வி. தருமென்றால் தயங்காமல் கொடுக்க வேண்டும். தராதென்றால், மறுக்க அந்தக் காரணமே போதும். முகம் தெரியாதவர்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் மூன்றாமவருக்கான கடமையை எங்கே நிறைவேற்றுவது? பராமரிப்பவர்களின் கையில். அடங்காத கிருமியைச் சுமக்கும் முதியவரை அறைக்குள் பூட்டி வைக்காமல், குளிப்பாட்டும்போதும் உள்ளாடை மாற்றும்போதும் கதீட்டரைத் தொடும்போதும் பணியாளர் கையுறையும் கவுனும் அணியச் சொல்லும் முறையை 2022இல் சிடிசி விரிவுபடுத்தியது. முதியவர் மற்றவர்களோடு உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். நோயாளி தனிமையில் கிடந்து சுமக்க வேண்டியிருந்த பாரத்தை ஆரோக்கியமானவர்கள் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இது. அந்த வகையில் ஓர் அறநிலைப்பாடும்கூட.

ஆனால் அதற்கு நேரம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறபடி சானிடைசரைக் கட்டைவிரல், விரல்நுனி, விரலிடுக்கு என்று தேய்க்க ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 விநாடி ஆகும். கூப்பிடும் மணி ஒலித்துக்கொண்டே இருக்கும் இரவில், ஆள் பற்றாக்குறையில் முதலில் காணாமல் போவது அந்த விநாடிகள்தான். ஒரு நர்ஸின் பொறுப்பில் எத்தனை பேரை விடுவது என்று முடிவெடுப்பவர்களும் இந்தப் பொறுப்பில் பங்காளிகள். ஆன்டிபயாடிக் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களில் மருத்துவர், மருந்தாளுநர், நர்ஸ் ஆகியோரோடு, பணிநேரப் பட்டியல் போடுகிறவரும் அதற்குப் பணம் ஒதுக்குகிறவரும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.