புகழ்ச்சிக்கு எதிர்ச்சொல் யாது?

புகழ்ச்சிக்கு எதிர்ச்சொல் யாது என வினவினால், இகழ்ச்சி என்று உடனே விடை கூறுவோம். ஆங்கிலத்தில் இவ்வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூறல் எளிதன்று. கிரிட்டிசைஸ், சென்ஷர், கண்டெம், டிஸ்பாரேஜ், டெனிகிரேட், ஸ்லாண்டர் எனப் பல சொற்கள் அங்கே உள. ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் இவை வெவ்வேறு செயல்களைக் குறிப்பன. இவற்றின் வேறுபாட்டை ஆராயுங்கால், பிறர் குற்றத்தை எடுத்துரைத்தல் அறமாமோ என்னும் பெரிய வினாவிற்கும் ஓரளவு தெளிவு பிறக்கிறது.

புகழ்தலைக் குறிக்கும் 'பிரெய்ஸ்' என்னும் சொல், விலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. மதிப்பறிந்து கூறுதலே புகழ்தல் என்பது இதனால் விளங்கும். எனவே மதிப்பைக் குறைத்தலே அதற்கு நேர் எதிரான செயல். 'டிஸ்பாரேஜ்' அத்தகையது. தகுதியில் தாழ்ந்தாரோடு மணவினையால் இணைத்து ஒருவர் நிலையைத் தாழ்த்துதல் என்பதே பழைய பிரெஞ்சில் அதன் பொருள். 'டெனிகிரேட்' என்பதற்குக் கருமையாக்குதல் என்பது வேர்ப்பொருள். 'ஸ்லாண்டர்' என்பதோ, காலை இடறிவிடும் பொறியைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இம்மூன்றும் ஆளையே தாக்குவன.

'கிரிட்டிசைஸ்' என்பதன் கிரேக்க வேர், பிரித்தறிதல் என்னும் பொருளது. பதரைப் புடைத்து நீக்கும் முறம் நெல்லைப் பகைப்பதில்லை. மாணவனிடம் 'இவ்விடை பிழை' என்று கூறுதல் இவ்வகை. 'நீ மூடன்' என்று கூறுதல் டிஸ்பாரேஜ் வகை. முன்னது திருந்தும் வழியைக் காட்டும். பின்னது திருந்தும் ஊக்கத்தையே அழித்துவிடும். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடங்களுள் இதுவும் ஒன்று.

அங்ஙனமாயின், எவரையும் எதுவும் கூறாது வாய்மூடியிருத்தலே சிறந்த அறம் ஆகுமோ? அமெரிக்க வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

1950 பிப்ரவரியில் ஜோசப் மெக்கார்த்தி என்னும் செனட் உறுப்பினர், வெளியுறவுத் துறையில் பொதுவுடைமைக் கட்சியினர் புகுந்துள்ளனர் எனப் பழிசுமத்தத் தொடங்கினார். தக்க சான்றின்றிப் பலருடைய நற்பெயர் கெட்டது. அச்சத்தால் பலரும் வாளாவிருந்தனர். அவ்வாண்டு ஜூன் 1ஆம் நாள், அவருடைய கட்சியையே சேர்ந்த மார்கரெட் சேஸ் ஸ்மித் அம்மையார் அவையில் எழுந்து, அவதூறு அரசியற் கருவியாவதைக் கண்டித்து உரையாற்றினார். அவ்வுரையில் மெக்கார்த்தியின் பெயரை அவர் ஓரிடத்தும் கூறவில்லை. கட்சியினர் அறுவர் அவருக்குத் துணை நின்றனர். மெக்கார்த்தி உடனே அடங்கிவிடவில்லை. ஆயினும் ஆளைப் பழிக்காது செயலைக் கண்டிக்க இயலும் என்பதற்கு அவ்வுரை சான்றாக நிற்கிறது.

செனட் அவை 1954 டிசம்பர் 2ஆம் நாள்தான், 67க்கு 22 என்னும் வாக்குக் கணக்கில் அவரைக் கண்டித்தது. விசாரணைக் குழு பரிந்துரைத்த சொல் 'சென்ஷர்'. உரோமாபுரியில் குடிகளைக் கணக்கெடுத்து அவர்தம் ஒழுக்கத்தையும் கண்காணித்த சென்சார் என்னும் பதவியினின்று பிறந்த சொல் அது. நிறைவேறிய தீர்மானத்தில் இடம்பெற்றதோ 'கண்டெம்' என்னும் சொல். இவ்விரண்டும் ஒன்றா வேறா என்று விவாதமும் எழுந்தது. ஆனால் தீர்மானம் சுட்டிய குற்றங்கள் இரண்டும், செனட் குழுக்களை அவர் மதியாமல் நடந்தமை பற்றியனவே. அவரால் பெயர் கெட்டவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சொல்லின் கடுமையை அளந்தவர்கள், புண்பட்டவர்களை மறந்தனர்.

ஆகவே பிறர் குற்றம் கூற வாய் திறக்குமுன் மூன்று வினாக்களை நமக்குள் எழுப்பிக்கொள்வோம். நான் சுட்டுவது செயலையா, ஆளையா? உரியவர் முன்னிலையில் கூறுகிறேனா, புறத்தே கூறுகிறேனா? என் சொல்லால் எவருடைய துன்பமேனும் நீங்குமா? விடை நேராக அமையுமாயின், அளவோடும் அன்போடும் கூறுதல் கடமையாகும். அமையாதாயின் அடக்கமே நலம்.

சொல்லாலும் உயிர் நோகும் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாதிருப்பதாலும் உயிர் நோகும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.