விரதமும் மாத்திரையும்

சிவராத்திரியன்று உபவாசமிருந்து நான்கு யாமமும் கண்விழிக்க வேண்டும் என்னும் நியமத்தை, வலிப்பு நோய்க்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் பக்தர் எங்ஙனம் அனுஷ்டிப்பது என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு வைத்திய விஷயமாகவே தோன்றும். என் புத்திக்கோ அது பக்தியின் லட்சணத்தைப் பற்றிய கேள்வியாகவே படுகிறது.

பினோபார்பிட்டால் 1912-லும் பினிடாயின் 1938-லும் இந்நோய்க்குப் பிரயோகமாகத் தொடங்கின; அவையும் பின்வந்தவையும் நோயை வேரோடு களைவனவல்ல, ரத்தத்தில் போதிய அளவு தங்கியிருக்கும்வரை மூளையின் கொந்தளிப்பை அடக்கி வைப்பன. ஆகவே, வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்தது சீறி எழுவதும், சில சமயம் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே அபாயமாவதும் உண்டு. உறக்கமின்மையும் வலிப்பைத் தூண்ட வல்லது. இவற்றோடு விடியற்காலையில் துணையின்றிக் குளத்தில் முழுகுவதையும் சேர்த்துக்கொண்டால், விரதம் என்ற பெயரில் எத்தனை ஆபத்துக்களை ஒரே இரவில் வரவழைக்கிறோம்!

திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் வலிப்பு நோய், ஞானசம்பந்தர் பதிகம் பாடியதும் நீங்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது, நானும் நம்புகிறேன். ஆயினும், மாத்திரையை ஒதுக்கிவிட்டு, 'இப்போது காப்பாற்று, பார்க்கலாம்' என்று சந்நிதியில் நிற்பவர் அருளை நம்பியவராகார். அதற்குப் பரீட்சை வைத்தவராவார். (வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடிவருகிறவர்கள், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணியாமல் இருந்தாலே பெரும் புண்ணியம்.)

நடராஜ விக்கிரகத்தின் பாதத்தடியைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும். வலத் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகன் மடிந்தவனல்லன். கையிலே பாம்பைப் பற்றியபடி, தலையை நிமிர்த்தி, சமயம் வாய்த்தால் எழுந்துவிடுபவன்போலவே கிடக்கிறான். சம்ஹாரமூர்த்தியாகிய இறைவனே அவனைக் கொல்லாமல், ஊன்றிய அடியை எடுக்காமல் ஆடுகிறான் என்றால், வேளை தவறாமல் ஒரு மிடறு நீரோடு விழுங்கும் மாத்திரையை விரதபங்கம் என்று எவ்வாறு சொல்வது?

நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டென்பது பெரியோர் ஒப்பியதே. வெறும் வயிற்றுக்கு ஒவ்வாத மருந்துகளும் இருப்பதால், பண்டிகைக்கு முன்பே வைத்தியரைக் கலந்து, பாலோ பழமோ எதை ஏற்பதென்று நிச்சயித்துக்கொள்ளலாம். அங்ஙனம் செய்து, வில்வம் சாத்திவிட்டு முதல் யாமத்தோடு வீடு திரும்பி, மாத்திரையை உட்கொண்டு உறங்கப் போகிறவரை யார் வேண்டுமானாலும் குறை சொல்லட்டும். அந்த வழக்கில் நான் அவர் கட்சி.