‘வேண்டும்’ என்னுஞ் சொல்

நூல்களில் விதி, விலக்கு என வழங்குவனவற்றை உலகவழக்கிற் ‘செய்யவேண்டும்’, ‘செய்யலாம்’, ‘செய்யக்கூடாது’ என்கிறோம். இவற்றுள் முதலாவது ஆராயத்தக்கது. வேண்டுதலாவது விரும்புதல். விருப்பப் பொருட்டாகிய வினை கடப்பாட்டை உணர்த்துமாறு யாங்ஙனம்? அங்கே விரும்புவார் யார்?

இவ்வழக்குத் தமிழுக்கே உரியதன்று. சீன மொழிகளுள் ஒன்றாகிய ஹக்காவில் ‘ஓய்’ என்னுஞ் சொல் விருப்பத்தையும் உணர்த்தும், கடப்பாட்டையும் உணர்த்தும். அதனை எழுதும் எழுத்தோ அன்பு எனப் பொருள்படுவது. யாம் இதனை எழுதும் பெர்ன்ஹில்லை உடைய நீலமலைக்குச் சீனர் புதியரல்லர். மலாக்கா நீரிணைப்புறச் சிறைகளினின்று சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்ட சீனருட் சிலர், விடுதலை பெற்றபின் நடுவட்டத்தின் பக்கலில் தமிழ்ப் பெண்டிரை மணந்து காய்கறி பயிரிட்டு வாழ்ந்தமையை 1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் நூலிற் காணலாம். அவ்வில்லங்களில் முதலிற் பயின்ற தமிழ் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்பனவாகவே இருந்திருக்கும் என எண்ணி நகைப்பதுண்டு.

அது நிற்க. விதி இறைவன் ஆணையெனின், அதிலுள்ள விருப்பமும் அவனதேயாதல் வேண்டும். குறையுடையானுக்கன்றோ விருப்பம் உளதாம். நிறைந்தவனுக்கு அஃது எற்றுக்கு என வினவுவாரும் உளர். இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் சிவசத்தியின் கூறுகள் என்பது சித்தாந்தம். அவற்றுள் இச்சையாவது உயிர்கள்மாட்டு வைத்த அருளே. தனக்கென வேண்டுதல் குறை; பிறர்க்கென வேண்டுதல் குறையாகாது. ‘நீ மருந்துண்ணல் வேண்டும்’ எனப் பிணியாளனை நோக்கி மருத்துவன் கூறுமிடத்து, மருத்துவன் தனக்கு யாதும் வேண்டினானல்லன். ஹக்காவார் அன்பின் எழுத்தாற் கடப்பாட்டை எழுதுவது எமக்கு உவப்பளிப்பது இதனாலென்க.

இனி, ஞானம் கைவந்தார்க்கு விதியில்லை ஆதலின் ஆலய வழிபாடு எமக்கு வேண்டாம் என்பார் சிலர் இக்காலத்துத் தோன்றியுள்ளனர். மடங்களிற் பயில்வாருள்ளும் இக்கொள்கை புகுந்தமை கண்டு வருந்துகிறோம். இம்மயக்கத்திற்கு ஒரு சொல்லே பெரிதும் காரணம். ‘வேண்டா’ என்பது ‘செய்யுங் கடப்பாடு இல்லை’ என்றும் பொருள்படும். ‘செய்யற்க’ என்றும் பொருள்படும். ஹக்காவார் இவ்விரண்டிற்கும் வேறு வேறு தொடர் வைத்துளர். நம்மவர் முன்னதைச் சொல்லிப் பின்னதைச் செய்கின்றனர். கட்டளை நீங்கினமையாற் செயலும் நீங்கிற்றென்பது எவ்வாற்றாற் பெறப்படும்? தாய்க்குப் பாலூட்டுக என ஆணையிடுவார் எவருமிலர், ஆயினும் ஊட்டுகிறாள்.

சிவஞானபோதத்து 12-ஆஞ் சூத்திரத்தை நோக்குக. ஆங்கு அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனக் கொள்ளுதலைக் கூறும் மெய்கண்டார், ‘தொழுக’ என வியங்கோளாற் கூறினாரல்லர். ‘தொழல்வேண்டும்’ எனவும் கூறினாரல்லர். ‘தொழுமே’ என்றார். செய்யுமென்னும் முற்று, மலம் நீங்கியோனது இயல்பைக் கூறி நின்றது. ஏகாரத்தைத் தேற்றமாகக் கொள்க. ஆலயம் வேண்டா என்பார், அம்முற்றிற்குத் தம்மை எழுவாயாக வைத்து ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.