சிற்றூர் பேரூராவது தர்மமா?

சங்கரன்கோவிலிலிருந்து வடகிழக்கே கரிசல் காட்டினூடே பிரயாணம் செய்யும் ஒருவர், மழையை நம்பி நிற்கும் பருத்தியையும் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் கடந்து திருவேங்கடத்தை அடையும்போது, கிராமத்தை விட்டு நகரத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று எந்த இடத்திலும் உணரமாட்டார். ஆயினும் சர்க்கார் ஏடுகளில் அது ஒரு பேரூராட்சி. தென்காசி மாவட்டத்தின் 17 பேரூராட்சிகளுள் ஒன்று. ஒரு தாலுகாவின் தலைமை இடமும் ஆகும். அதைச் சூழ்ந்துள்ள ஊர்களில் பல, குருவிகுளம் ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சிகள். மண்ணில் இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு ஏதுமில்லை. மழை பெய்தால் இரு பக்கமும் பெய்கிறது, பொய்த்தால் இரு பக்கமும் பொய்க்கிறது. சட்டத்தில் மட்டும் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு இப்புறம் களை எடுக்கும் பெண்ணுக்குக் கிடைத்த ஓர் உரிமை, அப்புறம் அதே களையை எடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அந்த உரிமை நூறு நாள் வேலை. பாராளுமன்றம் 2005-இல் இயற்றிய சட்டம், ஊரகக் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டில் 100 நாள் வேலையைக் கேட்டுப் பெறலாம் என்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. அதன் பின் அத்திட்டம் எவ்வுருவில் மாறினாலும், ஊரகம் என்னும் வரம்பு மாறவில்லை. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குச் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கண்மாயில் வண்டல் அள்ளியும் ஓடையைத் தூர்வாரியும் சம்பாதித்த அந்தப் பணம், நில உடைமையாளரின் வாசலில் போய் நிற்காமல் பெற்ற பணம் என்பதால், அதன் மதிப்பு ரூபாய்க் கணக்கை விடப் பெரிது. ஓர் ஊர் பேரூராட்சி ஆனவுடன் அந்த வேலை அந்த ஊரை விட்டுப் போய்விடுகிறது. நகர்ப்புறங்களுக்கென்று மாநில அரசு 2022-இல் ஒரு வேலைத் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது உண்டு. ஆனால் அரசு மனமுவந்து அளிப்பதும், பிரஜை உரிமையாகக் கேட்டுப் பெறுவதும் ஒன்றல்ல.

இப்படி இருக்கையில், சிற்றூர் ஒன்று பேரூராக விரும்புவது நியாயமா, விரும்பாத ஊரைப் பேரூராக்குவது நியாயமா என்ற கேள்விகளை, வருமானம், வரி, மானியம் என்ற கணக்குகளால் மட்டும் தீர்த்துவிட முடியாது. இது யார் அனுபவிக்கும் நன்மைக்காக யார் எதை இழப்பது என்னும் தர்ம விசாரம்.

முதலில், ஊர் ஏன் பேரூராக ஆசைப்படுகிறது என்பதை அனுதாபத்தோடு பார்க்க வேண்டும். 1958-ஆம் வருஷத்துச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், 5,000 ஜனத்தொகையும் 10,000 ரூபாய் ஆண்டு வருமானமும் உள்ள ஊரை டவுன் பஞ்சாயத்து என்று வகுத்தது. அந்தக் காலத்தில் அது ஓர் அந்தஸ்து. தெரு விளக்கும், சாக்கடையும், சந்தைக் கட்டடமும், தனக்கென ஒரு செயல் அலுவலரும் கிடைக்கும் என்பது மட்டுமல்ல. தன் ஊர் இனி நாலு பேர் அறிந்த ஊர் என்ற பெருமையும் அதில் இருந்தது. அந்தப் பெருமையை இகழ்வது தவறு. கோடையில் தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த ஜனங்கள், குழாயும் தார்ச்சாலையும் வேண்டும் என்று கேட்பதில் பேராசை ஏதுமில்லை. கிராம ஊராட்சியின் சொற்ப வருமானம் இவற்றுக்குப் போதவில்லை என்றால், வேறு உருவத்தை நாடுவது இயல்பே.

அதற்கும் மேலாக ஒரு காரணம் உண்டு; அதைப் பேசாமல் கிராமத்தைப் புகழ்வோர் உண்மையில் பாதியை மறைக்கிறார்கள். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று, அரசியல் சட்ட நகலை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைக் குடியரசின் அஸ்திவாரமாக்க வேண்டும் என்ற வாதத்தைக் கடுமையாக நிராகரித்தார். அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகவே அவர் அதைக் கண்டார். காந்தியடிகளின் கிராம சுயராஜ்யத்தில் மனம் தோய்ந்த பலருக்கு அப்பேச்சு வருத்தமளித்தது. அந்த வருத்தத்தின் பயனாகவே, கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் கடமை என்று கூறும் 40-ஆவது ஷரத்து அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. ஆயினும் அம்பேத்கரின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லப்படவில்லை. ஊர் வேறு, காலனி வேறு என்று இருக்கும் இடத்தில், "எங்கள் கிராமம் கிராமமாகவே இருக்கட்டும்" என்று எழும் குரல் யாருடைய குரல் என்று கேட்டே ஆகவேண்டும். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்க வேண்டும், பழைய மரியாதை குன்றாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நகரத்தை வெறுப்பவரும் உண்டு. அவருடைய வெறுப்பில் தர்மம் இல்லை.

ஆனால் பேரூராட்சி என்ற பெயர்ப்பலகை ஊருக்கும் காலனிக்கும் நடுவே நிற்கும் சாதிச் சுவரை இடித்துவிடும் என்று நம்புவதும் அனுபவத்துக்குப் பொருந்தாது. பலகை மாறிய பின்பும் தெருக்கள் அதே தெருக்கள். நிலமும் அதே கைகளில் இருக்கிறது. நகரத்தின் விடுதலை, ஊர் பேர் தெரியாத கூட்டத்தில் கலந்து நிற்பதில் இருக்கிறது. சில ஆயிரம் பேர் உள்ள கரிசல் ஊரில், இன்னார் மகன் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், அந்த விடுதலை அரசாணையால் வருவதில்லை. மாறாக, ஏழைக்கு நில உடைமையாளரிடமிருந்து கொஞ்சம் மூச்சு விடும் இடம் கொடுத்த அந்த நூறு நாள் வேலையே அப்போது போய்விடுகிறது. சாதியின் பிடியைத் தளர்த்துவதற்காக நகரத்தை ஆதரிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

இனி, லாபம் யாருக்கு என்று பார்ப்போம். ஊர் பேரூரானால் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய நிலத்தின் விலை ஏறும். அந்த நிலம் யாருடையதோ அவருக்கு லாபம். மனைப்பிரிவு போடுபவருக்கு லாபம். கடை வைத்திருப்பவருக்கு ஓரளவு லாபம். செலவோ எல்லோருக்கும் உண்டு. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, மிகச் சிறிய வீடுகளாகிய 600 சதுர அடிக்கு உட்பட்டவற்றுக்கும் குறைந்தது 25 விழுக்காடு உயர்ந்தது. வரி கட்டுவது குற்றமல்ல. பெற்ற சௌகரியத்துக்குப் பிரதியாகக் கட்டுவது முறையே. ஆனால் சௌகரியம் முதலில் கடைத்தெருவுக்குப் போய், பிறகு பெரிய தெருவுக்குப் போய், கடைசியில் ஊர்க்கோடிக்கு வந்து சேரும் ஊர்களில், வரிக்கேட்பு மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருகிறது.

சட்டம் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்கிறதா? அரசியல் சட்டத்தின் 243-க்யூ ஷரத்து, கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஒரு தனி அமைப்பை வகுக்கும்போது, ஜனத்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சி வருவாய், விவசாயம் அல்லாத தொழிலில் ஈடுபட்டோர் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் முதலியவற்றைக் கவனிக்கச் சொல்கிறது. மக்களின் சம்மதம் அந்த வரிசையில் இல்லை. வேலை விகிதத்தைக் கணக்கிடுவதாவது எளிதா என்றால், அதுவும் இல்லை. மழை பெய்தவுடன் காட்டில் களை எடுத்து, மழை ஓய்ந்த மாதங்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கரிசல் வட்டாரத்தில் ஒரே குடும்பம் இரண்டு ஜீவனங்களையும் மாறி மாறித் தாங்குகிறது. "மாறிக்கொண்டிருக்கும் இடம்" என்று சட்டம் சொல்லும்போது, எல்லா ஊரும் நகரத்தை நோக்கியே நடக்கிறது என்று அது எண்ணிக்கொள்கிறது. சில ஊர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நடுவழியிலேயே வாழ்கின்றன. அந்த நடுவழியே அவற்றின் வாழ்வு.

ஊரின் தன்மையைப் பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் போய், பணம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பெயர் வைத்த காலமும் தமிழ்நாட்டில் உண்டு. 2004 ஜூன் மாதத்தில், ஊரக வளர்ச்சிக்கான நிதியைப் பெறும் பொருட்டு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ஒரே அரசாணையால் "சிறப்புக் கிராம ஊராட்சிகள்" ஆக்கப்பட்டன. ஆட்சி மாறிய பின், 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. இரண்டு ஆண்டுகளில் எந்த ஊரிலும் ஒரு வயல் கூடவுமில்லை, ஒரு வீதி குறையவுமில்லை. ஜனங்களின் பொது வாழ்வுக்கு உரிய உருவத்தை, நேற்று நகரம், இன்று கிராமம், நாளை நகரம் என்று அலுவலகக் கோப்பில் புரட்டிவிட முடிந்தது என்றால், அந்த உருவத்தில் ஜனங்களுக்குப் பங்கே இல்லை என்றுதானே பொருள்? நிதி கிடைக்கும் என்ற நல்ல நோக்கம் இருந்திருக்கலாம். ஆனால் ஊரார் கூடிப் பேசித் தீர்மானிக்காத நன்மை, எளிதில் பறிக்கப்படும் நன்மை.

கூடிப் பேசுவது என்றவுடன் மற்றோர் இழப்பு நினைவுக்கு வருகிறது; இந்த விவகாரத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது அதுதான். கிராம ஊராட்சியில் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சியில், 2022 தேர்தலில் நடந்தபடி, உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம ஊராட்சியில் நிர்வாக அதிகாரம் தலைவரின் கையில்; பேரூராட்சியில் அரசு அனுப்பும் செயல் அலுவலரின் கையில். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமத்துக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஊரின் வாக்காளர் எவரும் மரத்தடியிலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ உட்கார்ந்து, செலவுக் கணக்கைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். நகர்ப்புறங்களுக்கு 2022-இல் வார்டு குழுவும் பகுதி சபையும் விதிகளால் ஏற்பட்டன என்பது நல்ல காரியமே. ஆயினும் கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது, பகுதி சபைக்கு மாநில விதியே ஆதாரம். கிராம சபைகள் பல இடங்களில் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிட்டன என்பது உண்மைதான். பழுதுபட்ட கதவைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, கதவையே பெயர்த்து எடுப்பது பரிகாரமாகாது.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்க மாநில அரசு முனைந்தபோது, பல ஊர்களில் ஜனங்கள் அந்தக் கிராம சபையையே கருவியாகக் கொண்டு எதிர்த்தார்கள். வரி உயரும், நூறு நாள் வேலை போகும் என்ற இரண்டு அச்சங்களே எங்கும் கேட்டன. அவை அறியாமையின் அச்சங்கள் அல்ல, கணக்கறிந்த அச்சங்கள். ஜப்பானிலும் இதே கதை நடந்தது. 1999-இல் 3,232 ஆக இருந்த உள்ளாட்சிகள், அரசின் ஊக்கத்தால் ஒன்றோடொன்று இணைந்து 2010-க்குள் 1,700 சொச்சமாகக் குறைந்தன. ஆனால் ஃபுகுஷிமா மாகாணத்தின் யமாட்சுரி என்ற சிற்றூரின் சபை, 2001 அக்டோபரில், தாங்கள் இணையப் போவதில்லை என்று தீர்மானம் செய்தது. அந்தத் தீர்மானம் சரியா தவறா என்று தொலைவிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. தங்கள் ஊரின் கதியை அவர்களே பேசித் தீர்மானித்தார்கள், அவ்வளவு போதும்.

ஆகவே, சிற்றூர் பேரூராவது தன்னளவில் அதர்மம் அன்று. அதனால் அதிகம் இழப்பவர் யாரோ அவரைக் கேளாமல் செய்வது அதர்மம். பெரும்பான்மை கை தூக்கினால் போதும் என்பதும் இங்கே போதாது. ஏனெனில் மனை விற்கப் போகிறவரின் கையும், நாளைக்கு வேலையை இழக்கப் போகிறவரின் கையும் எண்ணிக்கையில் ஒன்றாயினும் பாரத்தில் ஒன்றல்ல. பேரூராக்கும் முன் அந்த வேலைக்கு ஈடான வேலை உரிமையாகவே வரவேண்டும்; சிறு வீடுகளின் வரி சில ஆண்டுகளுக்கேனும் பழையபடி நிற்க வேண்டும்; கிராம சபை, பெயர் எதுவாயினும், அதே அதிகாரத்தோடு தொடர வேண்டும். இம்மூன்றும் எழுத்தில் வராத வரையில், எந்தச் சிற்றூரும் பேரூராகச் சம்மதிக்க வேண்டாம்.

திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும், நகராகும் பேச்சு அடிபடும் எந்த ஊரிலும் வாழும் வாசகர் ஒருவர், அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் செல்லட்டும். வரவு செலவுக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லட்டும். பேசத் தொடங்கும்போது, கண்மாயில் மண் அள்ளிய பெண்களை முதலில் பேசச் சொல்லட்டும்.