யாருடைய வினை?

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற ஒரு பிள்ளை மேலே படியாமல் நின்றுவிட்டால், நம் இல்லத்துப் பெரியோர் பெருமூச்சுடன் கூறும் சொல் ஒன்றுண்டு: "அதன் வினை அவ்வளவுதான்." சமண அறத்தைச் சார்ந்தவர்களாகிய நம் நாவில் இச்சொல் எளிதாக வந்துவிடுகிறது. ஆயின் இஃது அறநூல் ஒப்பும் சொல்தானா?

தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியையாகவும், பின்னர் ஆசிரியர் பயிற்சி மாணவியர்க்குக் கற்பிப்பவளாகவும் பணியாற்றினேன். 1987ஆம் ஆண்டு, உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தாள். உப்பு விளையும் காலமும் பொதுத்தேர்வுக் காலமும் ஒன்றாகவே வரும். விடியுமுன் தாயுடன் அளத்துக்குப் போய்விட்டு, உப்புநீர் பட்டு வெடித்த கால்களுடன் வகுப்புக்கு வருவாள். அந்நிலையிலும் ஐந்நூற்றுக்கு நானூறை ஒட்டிய மதிப்பெண் பெற்றாள்.

"டீச்சர், நான் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"உனக்குக் கஷ்டம்மா. தொழிற்பிரிவு எடு, சீக்கிரம் வேலைக்குப் போயிடலாம்" என்றேன். அருகில் நின்ற தந்தை, "நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்றார். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகும் வழி அந்த ஒரு வார்த்தையில் அடைபட்டது. அதை நான் கருணை என்றே நம்பியிருந்தேன்.

நம்பியதற்கு ஆதாரமும் கையில் வைத்திருந்தேன். நம் பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு எனவும், மண், கிளி எனவும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனவும் மூவகையாக்குகிறார். பயிற்சி மாணவியர்க்கு இப்பகுதியைப் பல்லாண்டு நடத்தியவள் நான். மாணவர் எவ்வாறு கற்கின்றனர் என்று கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்கவே அது உதவ வேண்டும். நாமோ யாரை எங்கே நிறுத்துவது என்பதற்கு அதைப் பயன்படுத்தினோம். பவணந்தியார் மீது பிழையில்லை.

நம் சித்தாந்தம் கூறுவதென்ன? ஒவ்வோர் உயிரின் இயல்பும் எல்லையற்ற அறிவே. ஞானாவரணீயம் என்னும் வினை அதை மறைக்கிறது. மறைப்பின் அளவே உயிர்க்கு உயிர் வேறுபடுகிறது. பிறிதோர் உயிரின் மறைப்பு எவ்வளவு என்பதை முழுதுணர்ந்த கேவலி ஒருவரே அறிவார். மதி, சுருதம் என்னும் இரு சிற்றறிவுகளை வைத்துக்கொண்டிருக்கும் நாம் ஒரு மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அதை அளந்துவிட இயலாது. மதிப்பெண் ஒரு நயம். ஒரு பக்கப் பார்வை. அதை முழு உண்மை என்று கொண்டால் அநேகாந்தம் பேச நமக்குத் தகுதியில்லை.

இதனினும் கடுமையான செய்தி தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. பிறருடைய அறிவுக்கும் அறிவுக் கருவிகளுக்கும் இடையூறு செய்பவனுக்கே ஞானாவரணீயம் ஊற்றெடுக்கிறது என்கிறார் உமாசுவாமி. குடத்துக்கு மண் உபாதானம். குயவனும் திகிரியும் நிமித்தம். மாணவியின் ஆற்றல் உபாதானம் என்றால் பள்ளி, ஆசிரியை, பேருந்து, கட்டணம் எல்லாம் நிமித்தம். திகிரியைச் சுழற்றாத குயவன் மண்ணைக் குறை கூறலாகாது. "அவள் வினை" என்று நான் கூறிய அந்நொடியில் வினையைக் கட்டிக்கொண்டவள் நானேயன்றோ?

அரசின் கல்வி ஏற்பாடுகளையும் இந்த நிமித்தக் கணக்கிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு முடித்துப் புகுமுக வகுப்புக்குக் கல்லூரி உள்ள ஊரைத் தேடிப் போகவேண்டியிருந்த காலம் என்னுடையது. கிராமத்துப் பெண்களுள் பலர் அங்கேயே நின்றனர். 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குள் வந்தபோது அத்தடை பெரிதும் தளர்ந்தது. என்றாலும் 2009இன் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையே பொறுப்பேற்கிறது. அதற்குப் பின் குடும்பத்தின் கைப்பொருளே தீர்மானிக்கிறது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இன் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் மகிழ்ச்சியே. பழைய ஏமாற்று திரும்புமோ என்ற ஐயமும் எனக்குண்டு.

2016 வரை மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவித்துப் படம் போட்டார்கள். இக்கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சிப்பிகளைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, அரித்து முத்தெடுத்த கதையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்டவர்கள் முத்தைப் பார்க்கலாகாது, குவியலைப் பார்க்க வேண்டும். இது தேர்வு முடிவுகளுக்கும் பொருந்தும்.

நல்ல மாற்றங்களும் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2022இல் உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாயிற்று. தாலிக்குத் தந்த பணம் கல்லூரிக்குப் போவதைக் காண எனக்கு வாய்த்தது. 2024 டிசம்பரில் அதை உதவி பெறும் பள்ளி மாணவியர்க்கும் விரித்த விழா எங்கள் ஊரிலேயே நடந்தது.

ஆயிரம் ரூபாய் ஒரு நிமித்தம். எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, எந்த விண்ணப்பம் என்று அருகிருந்து சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அது போதாது. எங்கள் மாவட்டத்துக் கழுகுமலைப் பாறையில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்தில், குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர் பெயர்களும் அவர்தம் மாணாக்கர் பெயர்களும் உள்ளன. அக்குரத்தியர் தம் மாணாக்கரைக் குலம் கேட்டுச் சேர்த்ததாக அங்கு ஏதும் எழுதியிருக்கவில்லை.

சுருத பஞ்சமியன்று நாம் ஏடுகளைப் பூசித்துச் சாத்திர தானம் செய்கிறோம். பெரும்பாலும் சிறுநூல் அச்சிட்டு வழங்குகிறோம். அவற்றுள் பல பிரிக்கப்படாமலே அலமாரியில் உறங்குவதை நான் அறிவேன். அப்பஞ்சமி வைகாசி, ஆனி மாதங்களில், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் அதே நாள்களை ஒட்டி வருகிறது. இரண்டாண்டுகளாக அச்சடிக்கும் தொகையைப் பேருந்துக் கட்டணமாகவும் விடுதிக் கட்டணமாகவும் மாற்றியிருக்கிறேன். சேர்க்கைப் படிவத்தை நிரப்ப வருபவர்களிடம், எந்தப் பிரிவு வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டுவிட்டு, அது பேசி முடிக்கும் வரை வாய் திறவாதிருக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் பழகிய பழக்கம். இன்னும் முழுதாகக் கைவரவில்லை.