ஊரே தேடும்போது



முதல் வாசகத்தில் யோபு பேசியதைக் கேட்டோம். வெயிலில் நிற்கும் கூலியாள், எப்போது நிழல் சாயும், எப்போது கூலி கைக்கு வரும் என்று ஏங்குகிறான். தம் நாள்களும் அப்படித்தான் கழிகின்றன என்கிறார். படுத்தால் விடியும்வரை புரள்கிறார். ஓர் இரவு நகர மறுக்கிறது. வாழ்நாளோ தறியில் நாடா ஓடும் வேகத்தில் ஓடித் தீர்கிறது. நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நாடா போய்வருவது கண்ணுக்குப் பிடிபடாது, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்; நிமிர்ந்து பார்த்தால் ஒரு முழம் துணி ஏறியிருக்கும். பிள்ளைக்கு இப்போதுதான் புதுநன்மை கொடுத்த மாதிரி இருக்கிறது, அதற்குள் கல்யாண ஓலை வாசிக்கிறீர்களே என்று பெற்றோர் என்னிடம் சொல்வதும் இதைத்தான்.

களைத்துப்போன ஒரு மனிதர் கடவுளிடம் முறையிட்ட வார்த்தைகள் இவை. வாசகர் அதை "ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று சொல்லி முடித்தார்; நாமும் "இறைவனுக்கு நன்றி" என்றோம். தன் களைப்பைக் கடவுளிடம் சொல்வதும் செபம்தான் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே, மனம் அடங்கட்டும், பிறகு கோயிலுக்குப் போவோம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அலைபாயும் மனத்தோடு வாருங்கள். யோபு அப்படித்தான் வந்தார்.

நற்செய்திக்கு வருவோம். மாற்கு தம் முதல் அதிகாரத்தில் கப்பர்நாகுமில் இயேசு கழித்த ஒரு முழு நாளை எழுதிவைத்திருக்கிறார். அது ஓய்வுநாள். காலையில் தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார், தீய ஆவி பிடித்த ஒருவர் அங்கேயே கத்துகிறார், அவரைக் குணமாக்குகிறார். அங்கிருந்து நேராகச் சீமோன் வீடு. உள்ளே சீமோனின் மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார். அத்தோடு முடிந்ததா? கதிரவன் மறைந்ததும் நோயாளிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு ஊர் திரண்டு வருகிறது. ஓய்வுநாளில் சுமை தூக்கக்கூடாது என்பதால் மக்கள் பொழுது சாயும்வரை பொறுத்திருந்தார்கள். மற்றவர்கள் படுக்கைக்குப் போகிற நேரத்தில் இயேசுவுக்கு இரண்டாவது வேலைநாள் தொடங்குகிறது. பகல் முழுவதும் கடையில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்கிற தாய்மார்களே, ஆண்டவருக்கு உங்கள் நாள் தெரியும்.

அந்த வீடு எப்படி இருந்திருக்கும்? கப்பர்நாகுமில் பேதுருவின் வீடு என்று கிறிஸ்தவர்கள் பழங்காலம் தொட்டுப் போற்றிவரும் இடத்தைப் பிரான்சிஸ்கன் துறவியர் 1968 முதல் அகழ்ந்து ஆய்வு செய்தார்கள். அதன்மேல் 5ஆம் நூற்றாண்டில் எண்கோண வடிவில் ஒரு கோயிலும் கட்டியிருந்தார்கள். அடியில் கண்டவை கருநிறக் கல் சுவர்கள், சின்னச் சின்ன அறைகள், பலர் சேர்ந்து புழங்கிய முற்றங்கள். இருமினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். செபம் செய்யத் தனியறை கிடையாது. "எங்கள் வீட்டில் அமைதியாக உட்கார ஒரு மூலைகூட இல்லை, சாமி" என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. இயேசு தங்கிய வீட்டிலும் இல்லை. அதனால்தான் அவர் இருட்டோடு எழுந்து, தூங்குகிறவர்களைத் தாண்டி, ஊருக்கு வெளியே ஆளில்லாத இடத்துக்குப் போனார்.

அங்கே என்ன செபம் சொன்னார் என்று மாற்கு எழுதவில்லை. அந்தச் செபத்தின் விளைவை மட்டும் எழுதினார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உங்களைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். நம்மில் யாராக இருந்தாலும் உடனே கிளம்பியிருப்போம். தேடுகிறவர்கள் நல்லவர்கள், அவர்கள் தேவையும் உண்மையான தேவை, போனால் புகழும் உண்டு. இயேசு போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம், அங்கும் அறிவிக்கவே நான் வந்தேன் என்கிறார்.

எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடம் எனக்கு எளிதாக இருந்ததில்லை. விடிந்ததும் யாரோ ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீமோன் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பாளே என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனாலும் நான் பார்க்கிறேன்: இயேசுவுக்கு அவருடைய செபம் கொடுத்தது வெறும் மன நிம்மதி அல்ல. தாம் எதற்காக அனுப்பப்பட்டோம் என்ற தெளிவைக் கொடுத்தது. அந்தத் தெளிவு இருந்ததால் முந்தின நாள் மாலை எல்லாருக்கும் கை நீட்ட முடிந்தது. அதே தெளிவால் மறுநாள் காலை 'வரவில்லை' என்றும் சொல்ல முடிந்தது. உள்ளச் சமநிலை என்று நாம் ஏங்குவது இதைத்தான் என்று நான் நம்புகிறேன். வேலைக்குப் பாதி, செபத்துக்குப் பாதி என்று நாளை அளந்து பிரிப்பதால் அது வராது. தந்தையின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, 'இன்றைக்கு எதைச் செய்ய என்னை அனுப்புகிறீர், எது என் வேலை இல்லை?' என்று கேட்பதால் வரும்.

நம் பங்கிலேயே பார்க்கிறேன். அன்பியம், வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, பாடகர் குழு, திருவிழாக் குழு என்று எல்லாவற்றிலும் அதே நான்கைந்து முகங்கள். யார் கேட்டாலும் 'சரி' என்கிற நல்ல உள்ளங்கள். சில வருடம் போனால் அவர்கள் முகத்தில் சிரிப்பு குறைகிறது, பேச்சில் கசப்பு ஏறுகிறது, ஒருநாள் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி ஆகவேண்டாம். ஒரு பொறுப்பை விட்டுவிடுவது உங்களுக்கு நல்லது என்று தோன்றினால் என்னிடம் வந்து சொல்லுங்கள். குறையாக நினைக்கமாட்டேன்.

செபிக்க நேரம் ஒதுக்கவே முடியாத வாழ்க்கையும் உண்டு. அவர்களுக்காக ஒரு சமையல்காரரைப் பற்றிச் சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டு லொரேன் பகுதியில் 1614ஆம் ஆண்டளவில் பிறந்த நிக்கோலா எர்மான் இளமையில் போர்வீரர். போரில் காலில் காயம்பட்டு, வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தார். 1640இல் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சகோதரராகச் சேர்ந்து, லாரன்ஸ் என்ற பெயர் பெற்றார். கொடுத்த வேலை சமையல். அவருக்குச் சமையல் வேலை இயல்பாகவே பிடிக்காது. இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வருடக்கணக்காக அந்த அடுப்படியில் நின்றார். சட்டியில் முட்டையைப் புரட்டிப்போடுவதைக்கூடக் கடவுள்மேல் உள்ள அன்பினால் செய்வதாகச் சொன்னார். ஆள்கள் மாறி மாறி வந்து ஒரே நேரத்தில் பலதும் கேட்கும் அமளியிலும், நற்கருணை முன் முழந்தாளிட்டிருப்பதுபோலவே கடவுளோடு இருந்தார். பிற்பாடு கால்வலி கூடவே, உட்கார்ந்து செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். 1691இல் இறந்தார். அவரோடு உரையாடிய போஃபோர் என்ற குரு எழுதிவைத்த குறிப்புகளும் அவருடைய கடிதங்களும் அவர் இறந்த பிறகே நூலாக வந்தன.

இந்த நிலை அவருக்கு ஒரே நாளில் வாய்க்கவில்லை. மடத்தில் சேர்ந்தபின் வருடக்கணக்காக, தாம் மீட்படையவே மாட்டோமோ என்ற பயம் அவரை வதைத்தது. செபத்தில் மனம் ஓடும், இழுத்துவருவார், மறுபடி ஓடும். தவறினால் கடவுளிடம் சொல்லிவிட்டு, அதையே நினைத்து மருகாமல் வேலைக்குத் திரும்பிவிடுவார். அவரிடம் நான் கற்றுக்கொள்ள விரும்புவது இந்தத் திரும்புதலைத்தான். பேருந்தில் நிற்கும்போதும், ரேஷன் கடை வரிசையிலும், பால் பொங்குவதற்குக் காத்திருக்கும்போதும், 'ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்' என்று ஒரு வார்த்தை. நம் தாத்தா பாட்டிகள் மூவேளை மணி அடித்ததும் வயலில் மண்வெட்டியைச் சாத்திவிட்டு நின்றது இதற்காகத்தான். இப்போது நம் கையில் மணியடிப்பது வேறொன்று. காலையில் கண் விழித்ததும் கை எதைத் தேடுகிறது என்று நீங்களே பாருங்கள். சீமோன் வந்து 'எல்லாரும் உங்களைத் தேடுகிறார்கள்' என்று சொல்வதற்கு முன்பே இயேசு தந்தையிடம் பேசி முடித்திருந்தார். நாமோ படுக்கையை விட்டு எழும் முன்பே, யார் யார் நம்மைத் தேடினார்கள் என்று செல்போனில் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சல் நீங்கிய சீமோனின் மாமியார் எழுந்து பணிவிடை செய்தார் என்று வாசித்ததும், பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தலையாட்டுகிறோம். அதே ஆண்டவர் பிறகு தாமே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். உங்கள் மனைவி செபிக்க நேரமில்லை என்று சொன்னால் அறிவுரை சொல்லாதீர்கள். இரவு பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள். அவருக்கு அரைமணி நேரம் கிடைக்கும், உங்களுக்கும் செபிக்க ஓர் இடம் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அது உங்கள் விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலில் கிடந்த பெண்ணிடம் இயேசு 'உனக்கு நம்பிக்கை போதாது' என்று சொல்லவில்லை, கையைப் பிடித்தார். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.

நாளை முதல் காலை நாலரை மணிக்கே கோயிலின் பக்கவாசல் திறந்திருக்கும். மைக் போடமாட்டோம், செபம் சொல்லிக்கொடுக்க யாரும் நிற்கமாட்டார்கள். முதல் பேருந்தைப் பிடிக்கிறவர்கள், சந்தைக்குச் சரக்கு ஏற்றப் போகிறவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். கைக்குழந்தைக்காரர்கள் பிள்ளையோடு வாருங்கள், அழுதால் அழட்டும். இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.