செத்தவனை யார் தூக்குவது?

'லீதல் கம்பெனி' விளையாட்டில் செத்த நண்பனின் உடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு பேர் வரை சேர்ந்து பாழடைந்த நிலவுகளில் இறங்கி, பழைய இரும்பு பொறுக்கி, மூன்று நாளில் கம்பெனி கேட்ட தொகையைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மொத்தக் குழுவையும் விண்வெளியில் தள்ளிவிடுவார்கள். ஒருவன் செத்தால் அபராதம். உடலைக் கப்பலுக்குத் தூக்கி வந்தால் அபராதம் குறையும். ஸீக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கும் ஒற்றை ஆள் செய்து 2023 அக்டோபரில் வெளியிட்டது.

பேய் விளையாட்டுதான், ஆனாலும் சிரித்துத்தான் வயிறு வலிக்கும். பக்கத்தில் இருப்பவன் குரல் மட்டும்தான் கேட்கும். "டேய் மச்சான், இங்க என்னமோ..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் அறுந்து போகும். மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அடுத்தவன் சாவில் சிரிப்பது சரியா? ஆபத்தை எடுத்துவிட்டால் அரக்கன் கோமாளியாகிவிடுவான் என்பது நோயல் கேரல் 1999இல் எழுதிய கட்டுரையின் வாதம். ஏற்கலாம். வள்ளுவரும் துன்பத்தில் சிரிக்கச் சொன்னவர்தான். ஆனால் அவர் சொன்னது தனக்கு வந்த துன்பத்துக்கு. இங்கே செத்தவனும் சேர்ந்து சிரிக்கிறான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு உறுத்துவது அந்த அபராதம். கோலா சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ஆட்களுக்கு (2007இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) கம்பெனி, எடை, குறைந்தால் கூலி பிடிப்பு எல்லாம் பாட்டி வாயில் கேட்டவை. விடிவதற்குள் பெரட்டு, தலையில் விளக்கு, இருட்டில் பால்மரம். அந்த லயத்திலும் சாவுக்குக் கணக்கு இருந்தது. மரண சகாய நிதிக்கு மாதாமாதம் ஆளுக்குச் சில வெள்ளி. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டு அடுப்பில் அவர்களுக்கும் சேர்த்து உலை வைப்பார்கள். பணம் துக்க வீட்டை நோக்கிப் போனது. விளையாட்டில் அது கம்பெனியை நோக்கிப் போகிறது.

அப்படியானால் நண்பனைத் தூக்கி வருவது நட்பா, அபராதப் பயமா? கேட்டால் எங்கள் குழுவில் ஒருவன், "அபராதம்டா, வேற என்ன" என்பான். இலாபமும் கடமையும் ஒரே பக்கம் இழுக்கும்போது எது இழுத்தது என்று தெரியாது என்பது காண்ட்டின் சந்தேகம். தெரிய வேண்டுமானால் இலாபம் இல்லாத இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு இரவு தொகை எப்படியும் சேராது என்று உறுதியாகிவிட்டது. அபராதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்போதும் அவன் உள்ளே போனான். "விட்டுட்டு வாடா" என்று கத்தினோம். உடலைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்து, அங்கே செத்தான். அன்று சிரித்த சிரிப்பு வேறு மாதிரி.

இதில் 'காயில் ஹெட்' என்று ஒன்று வரும். யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகராது. எங்கள் பக்கம் பேய் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே என்பார்கள், இங்கே நேர்மாறு. நால்வரும் வெளியேற வேண்டுமானால், யாரோ ஒருவன் கடைசி வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது யார் என்று விளையாட்டு சொல்வதில்லை. பெரும்பாலும் பேச்சு வளர்வதற்குள் யாரோ, "நீங்க போங்கடா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுகிறான்.